ஃபிஃப்த் வீல் டிரெய்லருக்கு டயர் மாத்தணுமா, பிராண்டை விடுங்க, மொதல்ல எடை போடுங்க

டெக்சாஸ்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார், செகண்ட் ஹேண்ட்ல 2018 மாடல் ஃபிஃப்த் வீல் வாங்கியிருக்காராம், ரெண்டு ஆக்சில், நாலு டயர், சைஸ் எஸ்டி 235/80 ஆர்16 லோடு ரேஞ்ச் இ (எவ்ளோ பாரம் தாங்கும்னு சொல்ற எழுத்து), லேபிள்ல மொத்த எடை 13,995 பவுண்டு. ட்ரெட், அதாவது ரோட்டுல படற பக்கம், புதுசு மாதிரி இருக்கு, ஆனா வித்தவர் டயரை மாத்திடுங்கன்னு சொன்னாராம். ஜூன்ல குடும்பத்தோட யெல்லோஸ்டோன் போற பிளான். எந்த பிராண்ட் வாங்கலாம், பிக்கப்புக்கு போடற எல்டி டயர் போட்டா ஸ்ட்ராங்கா இருக்குமாமே, போடலாமா, இதுதான் கேள்வி. கொஞ்சம் நீளமாவே சொல்றேன், ஏன்னா இதுல ஒரு வரில பதில் சொல்றவங்கதான் ஜாஸ்தி, அந்த ஒரு வரியை நம்பி வாங்கினவங்கதான் ரோட்டோரமா ஜாக்கி வெச்சுட்டு நிக்கிறாங்க.

தெரியாதவங்களுக்காக: பிக்கப் டிரக்கோட பின்னாடி பம்பர்ல மாட்டி இழுக்காம, டிரக் பெட்டுக்குள்ள பூட்டு போட்டு அதுமேல முன்பக்கத்தை உக்கார வெச்சு இழுக்கற பெரிய வீட்டு வண்டிதான் ஃபிஃப்த் வீல். மொத்த எடைல சுமாரா 20லேர்ந்து 25 சதவீதம் டிரக் மேல ஏறும், அதை பின் வெயிட்னு சொல்வாங்க. மிச்சம் பூரா அந்த நாலு டயர் மேலதான்.

வித்தவர் சொன்னது சரி. மாத்திடுங்க. டிரெய்லர் டயர் ட்ரெட் தேஞ்சு சாகறது ரொம்ப அபூர்வம், வயசாகித்தான் சாகும். வருஷத்துல முக்காவாசி நாள் ஒரே எடத்துல வெயில்ல நிக்கும், ரப்பருக்குள்ள கலந்திருக்கற மெழுகு மாதிரியான சமாச்சாரமெல்லாம் டயர் உருண்டு மடங்கி ஓடும்போதுதான் மேல வந்து ரப்பரைக் காப்பாத்தும், நின்னே கெடந்தா அது நடக்காது, உள்ள பெல்ட்டும் ரப்பரும் ஒட்டியிருக்கற எடம் காஞ்சுக்கிட்டே போகும், வெளிய பாத்தா பளபளன்னு இருக்கும். அஞ்சு வருஷம் ஆச்சுன்னா யோசிக்க ஆரம்பிக்கணும், ஆறு தாண்டிட்டா யோசிக்கவே வேணாம். 2018 வண்டில அதே டயர் இருந்தா அது எப்பவோ ரிட்டயர் ஆகியிருக்கணும்.

வயசு எப்படி பாக்கறது? டயர் பக்கவாட்டுல டிஓடின்னு ஆரம்பிக்கற ஒரு வரிசை இருக்கும், அதோட கடைசி நாலு நம்பர்தான் தேதி. 2318ன்னு இருந்தா 2018ல 23வது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். இதுல ஒரு வில்லங்கம், அந்த தேதி உள்ள முழு நம்பர் டயரோட ஒரு பக்கத்துல மட்டும் இருந்தாலும் போதும், அதனால பாதி டயர்ல அது வண்டிக்கு உள்பக்கமா திரும்பியிருக்கும். கீழ படுத்து ஃபோனை உள்ள நீட்டி ஃப்ளாஷ் போட்டு போட்டோ எடுங்க, அதுதான் சுலபம். அங்கயே கையோட ஆக்சில், கிரீஸ் ஒழுகுதா, உள்பக்க சைட்வால்ல வெடிப்பு இருக்கான்னு எல்லாத்தையும் பாத்துடலாம். இன்னொண்ணு, ட்ரெட் மேல உள்ளங்கையை வெச்சு சுத்தி தடவிப் பாருங்க. எங்கயாவது மேடு தட்டினா, இல்ல ஒரு எடத்துல மட்டும் ட்ரெட் சப்பையா தேஞ்சிருந்தா, உள்ள பெல்ட் கழண்டுக்கிட்டு வருதுன்னு அர்த்தம். அந்த டயர்ல கடை வரைக்கும்கூட ஓட்டாதீங்க.

இப்ப மெயின் விஷயம். எல்லாரும் பிராண்ட்லேர்ந்து ஆரம்பிக்கறாங்க. நான் சொல்றது, எடைலேர்ந்து ஆரம்பிங்க. உங்க டயர் மேல எவ்ளோ பாரம் உக்காந்திருக்குன்னு தெரியாம எந்த டயரும் நல்ல டயர் இல்ல, கெட்ட டயரும் இல்ல.

கணக்கு போட்டுப் பாப்போம். லேபிள்படி முழுசா ஏத்தினா 13,995 பவுண்டு. அதுல 20 சதவீதம், அதாவது ஒரு 2,800 பவுண்டு, டிரக் மேல போயிடுச்சுன்னு வெச்சுக்குங்க. ஆக்சில் ரெண்டு மேலயும் சேத்து மிச்சம் 11,200. நாலால வகுத்தா ஒரு டயருக்கு 2,800. எஸ்டி 235/80 ஆர்16 இ டயர் பெரும்பாலும் 80 பிஎஸ்ஐ காத்துல 3,420 இல்லன்னா 3,520 பவுண்டு தாங்கும்னு பக்கத்துலயே எழுதியிருக்கும். 700 பவுண்டு மிச்சம் இருக்கே, ஜாலின்னு தோணும்.

ஆனா நாலு டயருக்கும் சமமா பாரம் ஏறவே ஏறாது. கிச்சன் ஒரு பக்கம், பெரிய ஸ்லைடு (வண்டியை நிறுத்தினப்புறம் வெளிய தள்ளிவிடற ரூம்) ஒரு பக்கம், ஃப்ரிட்ஜ், அதுக்குள்ள சாமான், தண்ணி டேங்க் எங்க இருக்கோ அந்தப் பக்கம் தனி. தண்ணி ஒரு கேலன் 8.3 பவுண்டு, 60 கேலன் டேங்கை ரொப்பினா ஆயிரத்துல பாதி எடை ஏறிடும். நம்மாளுங்க வண்டின்னா கேக்கவே வேணாம், 20 பவுண்டு அரிசி மூட்டை, வெட் கிரைண்டர், குக்கர் ரெண்டு, இதெல்லாம் வேற அதே கிச்சன் பக்கம்தான் ஏறும். ஒரு டயர்ல 2,500ம் இன்னொண்ணுல 3,200ம் இருக்கறது சாதாரணமா நடக்கறதுதான். 3,200 உக்காந்திருந்தா 3,520 டயர்ல மிச்சம் ஒம்பது சதவீதம்தான். 3,420 டயரா இருந்தா ஆறு சதவீதத்துக்கு கொஞ்சம் மேல, அவ்ளோதான். ஒரு பள்ளத்துல எறங்கினா, காத்து அஞ்சு பிஎஸ்ஐ கம்மியா இருந்தா, அந்த மிச்சமும் காலி. எனக்கு 15 சதவீதமாவது கைல இருக்கணும், 20 இருந்தா நிம்மதியா தூங்குவேன். அமெரிக்காவுல இந்த வண்டி செய்யறவங்களோட சங்கம், ஆர்விஐஏ, புது வண்டிகள்ல டயருக்கு 10 சதவீதமாவது உபரி இருக்கணும்னு 2017லதான் விதி கொண்டு வந்தது, அதுக்கு முன்னாடி வந்த நெறைய வண்டில கம்பெனியே சரியா எல்லைல நிக்கற டயரைத்தான் போட்டு அனுப்பிச்சது. ஃபிஃப்த் வீல்னாலே டயர் வெடிக்கும்னு ஒரு பேர் வந்ததுக்குப் பாதி காரணம் அதுதான்.

எடை எங்க போடறது? ஹைவேல பைலட், ஃப்ளையிங் ஜே, லவ்ஸ், டிஏ மாதிரி டிரக் ஸ்டாப் நெறையாத்துல கேட் ஸ்கேல்னு ஒண்ணு இருக்கும், பெரிய லாரிங்க எடை போடற மேடை. ஊருக்குக் கெளம்பற மாதிரியே தண்ணி, துணி, சாமான், பசங்க சைக்கிள் எல்லாம் ஏத்திட்டு போங்க. டிரக்கோட முன் சக்கரம் மொதல் தட்டுல, பின் சக்கரம் ரெண்டாவதுல, டிரெய்லர் ஆக்சில் ரெண்டும் மூணாவது தட்டுல. மூணும் தனித்தனியா சீட்டுல வரும். மூணாவது நம்பர்தான் நமக்கு வேணும். அதோட முடிச்சுடாதீங்க, முடிஞ்சா ஒவ்வொரு சக்கரத்தையும் தனியா எடை போடற எடத்துக்கும் ஒரு தடவை போங்க. எஸ்கேப்பீஸ்னு இந்த மாதிரி வீட்டு வண்டிக்காரங்களோட கிளப் ஒண்ணு இருக்கு, அவங்க ஸ்மார்ட்வெய்ன்னு ஒரு சர்வீஸ் வெச்சிருக்காங்க, டெக்சாஸ்லயே லிவிங்ஸ்டன்ல இருக்கு, உங்களுக்கு தூரம் இல்ல. அந்த நாலு நம்பர் கைக்கு வந்தப்புறம் எந்த டயர்ங்கற கேள்வி பாதி தானா தீந்துடும்.

எல்டி கேள்விக்கு வர்றேன். எல்டின்னா பிக்கப்புக்கு போடற லைட் டிரக் டயர், எஸ்டின்னா டிரெய்லருக்குன்னே செய்யறது. எல்டிதான் ஒசத்தின்னு சொல்றவங்ககிட்ட ஒரு நியாயம் இருக்கு, அதை மறைக்கக்கூடாது. 2000ல ட்ரெட் ஆக்ட்னு ஒரு சட்டம் வந்தது, ஃபோர்ட் எக்ஸ்ப்ளோரர்ல ஃபயர்ஸ்டோன் டயர் பிரச்சனை பெருசா வெடிச்சப்புறம். அதைத் தொடர்ந்து கார் டயருக்கும் எல்டி டயருக்கும் எஃப்எம்விஎஸ்எஸ் 139னு அமெரிக்க அரசோட கடுமையான புது டெஸ்ட் விதி வந்துச்சு. எஸ்டி டயரை அதுல சேக்கல. அது இன்னமும் பழைய 119 விதிப்படிதான் டெஸ்ட் ஆகுது. அதனாலதான் ஒரே சைஸ்ல எஸ்டி டயர்ல ஜாஸ்தி பாரம் எழுதியிருக்கறதைப் பாத்து சிலர் சந்தேகப்படறாங்க.

ஆனா உங்க கேஸ்ல பாருங்க, எல்டி 235/85 ஆர்16 இ டயர் 80 பிஎஸ்ஐ-ல தாங்கறது 3,042 பவுண்டு. நம்ம கணக்குல ஒரு டயர்ல 3,200 வந்துச்சே, கதை முடிஞ்சுது. லேபிள்ல கம்பெனி போட்டிருக்கற டயரோட தாங்கற அளவுக்குக் கீழ எறங்கவே கூடாது, இது பேரம் பேசற விஷயம் இல்ல. ஒரு காலத்துல மிஷெலின் எக்ஸ்பிஎஸ் ரிப்னு ஒரு எல்டி டயரை ஃபிஃப்த் வீல்காரங்க தலைல தூக்கி வெச்சு கொண்டாடினாங்க, நல்ல டயர்தான், சின்ன வண்டிக்கு. அந்தப் பழைய பேச்சைத்தான் இன்னிக்கும் எல்லாரும் ஒப்பிக்கறாங்க. அதோட 235/85 டயர் 235/80ஐவிட கிட்டத்தட்ட ஒரு இஞ்ச் ஒசரம், வீல் மேல இருக்கற கூடுக்கும், ரெண்டு டயருக்கும் நடுவுலயும் எடம் இருக்கான்னு டேப் வெச்சு அளக்காம ஆர்டர் போடாதீங்க. வண்டி பள்ளத்துல எறங்கும்போது சஸ்பென்ஷன் மேல ஏறுமே, அப்ப கூட்டுல ஒரசினா டயரும் போச்சு கூடும் போச்சு.

எஸ்டி டயருக்குன்னு தனி டிசைன் எதுக்குன்னு புரியணும்னா ஒரு வேலை பண்ணுங்க. அடுத்த தடவை கேம்ப்சைட்ல வண்டியை ரிவர்ஸ்ல ஒடிச்சு உள்ள விடும்போது வீட்டம்மாவை ஓட்டச் சொல்லிட்டு, இல்ல வேற யாரையாவது ஓட்டச் சொல்லிட்டு, நீங்க எறங்கி டயர்கிட்ட தள்ளி நின்னு பாருங்க. முன் டயர் ஒரு பக்கம் மடங்கும், பின் டயர் அதுக்கு நேர் எதிர்பக்கம் மடங்கும், சைட்வால் அப்படியே ரிம்முலேர்ந்து பிதுங்கி வெளிய வரும், ஜல்லி நறநறன்னு அரைபடும். ரெண்டு ஆக்சிலும் திரும்ப முடியாதது, அதனால வளைவுல டயர் உருளறதைவிட பக்கவாட்டுல இழுபடறதுதான் ஜாஸ்தி. அந்த இழுவை பூரா உள்ள இருக்கற ரெண்டு ஸ்டீல் பெல்ட்டுக்கு நடுவுல இருக்கற ரப்பர் மேல விழுது. பெட்ரோல் பங்க்ல ஒரு திருப்பம், கேம்ப்ல ஒரு திருப்பம்னு கொஞ்சம் கொஞ்சமா பிஞ்சு, ஒருநாள் ஹைவேல சூடாகும்போது ட்ரெட் உரிஞ்சு வந்துடும். சும்மா காத்து மட்டும் போனா பரவால்ல, ஸ்டீல் கம்பியோட ட்ரெட் சாட்டை மாதிரி சுத்தி அடிச்சு ஃபெண்டரை கிழிக்கும், கீழ போற ஒயரை அறுக்கும், பல வண்டில கேஸ் லைனும் அந்தப் பக்கம்தான் போகுது. டயர் விலை இருநூறு டாலர்னா அது செய்யற சேதம் பல ஆயிரம்.

சரி, எதுதான் வாங்கறது. எடை போட்டுப் பாத்து, ஜாஸ்தி பாரம் இருக்கற டயர்லகூட 2,900க்குள்ளயே இருந்தா லோடு ரேஞ்ச் இ-லயே நல்லதா ஒண்ணு போதும். குட்இயர் என்டுரன்ஸ், 2017ல வந்தது, அமெரிக்காவுலயே செய்யறது, அதுக்கு முன்னாடி இருந்த அவங்களோட மாரத்தான் டயருக்கு இருந்த கெட்ட பேரை இது மாத்திடுச்சு. கார்லைல், மேக்ஸிஸ் ரெண்டும்கூட ஓகே. 3,000ஐ தாண்டிட்டா நான் இ-யைவிட ஜாஸ்தி பாரம் தாங்கற லோடு ரேஞ்ச் ஜி-க்குதான் போவேன். அதுல ரெண்டு பேர்தான் அடிக்கடி அடிபடும், குட்இயர் ஜி614, சைலுன் எஸ்637. ரெண்டுமே உடம்பு பூரா ஸ்டீல், லாரி டயர் மாதிரி. ஜி614 எல்டி 235/85 ஆர்16, 110 பிஎஸ்ஐ-ல 3,750 பவுண்டு. இதுவும் 85 சைஸ்தான், மேல சொன்ன ஒசர அளவு இதுக்கும் பொருந்தும். சைலுன் 110 பிஎஸ்ஐ-ல 4,000க்கு மேல தாங்கும், விலையும் ஜி614ஐவிட ரொம்ப கம்மி. சைலுன் சைனா கம்பெனி. ஃபிஃப்த் வீல்காரங்க சைனா டயர்னாலே சைனா பாம்னு பேர் வெச்சுக் கிண்டல் பண்ணுவாங்க, ஆனா இன்னிக்கு பெரிய வண்டிக்காரங்க நெறையப்பேர் அவங்களே இந்த சைனா டயரைத்தான் தேடிப் போய் போடறாங்க. எந்த நாட்டுல செஞ்சாங்கங்கறதைவிட எவ்ளோ மிச்சம் வெச்சு ஓட்டறீங்கங்கறதுதான் டயரைக் காப்பாத்துது. கம்பெனில போட்டு வந்த மலிவு டயர் வெடிச்சதுல பாதி, எந்த பிராண்ட் போட்டிருந்தாலும் அந்த பாரத்துக்கு வெடிச்சிருக்கும்ங்கறது என்னோட எண்ணம்.

ஆனா ஜி-க்கு போறதுக்கு முன்னாடி ரிம்மைப் பாருங்க, இதுலதான் நெறையப்பேர் மாட்டறாங்க. ரிம்மோட பின்பக்கத்துல எவ்ளோ பவுண்டு, எவ்ளோ பிஎஸ்ஐ தாங்கும்னு குத்தியிருக்கும். 80ன்னு இருந்தா அதுல 110 காத்து அடிக்கக்கூடாது, அவ்ளோதான். 80லயே வெச்சு ஓட்டிக்கறேன்னா ஜி டயர் தாங்கற அளவும் கிட்டத்தட்ட இ டயர் அளவுக்கு எறங்கிடும், ஏன்னா பாரத்தைத் தாங்கறது உள்ள இருக்கற காத்து, ரப்பர் இல்ல. வால்வும் அப்படித்தான். சாதாரண ரப்பர் வால்வு 65 பிஎஸ்ஐ வரைக்கும்தான், கொஞ்சம் ஒசத்தி ரப்பர் 80 வரைக்கும். 110க்கு போறவங்க நட் போட்டு முறுக்கற மெட்டல் வால்வு கட்டாயம் போடணும், 80ல ஓட்டறவங்களும் போட்டா நல்லது, டிபிஎம்எஸ் (ஓடும்போதே டயர் காத்து எவ்ளோன்னு காட்டற கருவி) சென்சார் அது மேல உக்காரும்போது ரப்பர் வால்வு ஆடி ஆடி அடில கீறல் விட்டுடும். அப்புறம் பெரிய டயர் போட்டா வண்டில இன்னும் ஆயிரம் பவுண்டு ஏத்தலாம்னு கணக்கு போடாதீங்க. ஆக்சில், ஸ்பிரிங், பிரேக் எல்லாம் அதே பழசுதான், லேபிள் எடை மாறவே மாறாது.

வேகம். பழைய எஸ்டி டயர்ல ஒண்ணும் எழுதலைன்னா 65 மைல்தான் எல்லை. இப்ப வர்றதுல எல்-ன்னா 75, எம்-ன்னா 81, என்-ன்னா 87 மைல். ஆஸ்டின் பக்கம் 130 டோல் ரோட்டுல 85 மைல் லிமிட்டு போட்டிருக்கான், என் எழுத்து டயர்தானே போட்டிருக்கோம்னு 14,000 பவுண்டை இழுத்துக்கிட்டு அதுல போகாதீங்க. அந்த எழுத்து லேப்ல உருளை மேல ஓட்டிப் பாத்த நம்பர், ஜூலை வெயில்ல தார் ரோட்டுல இல்ல. 62லேர்ந்து 65க்குள்ள ஓட்டுங்க, கலிஃபோர்னியா போனா டிரெய்லருக்கு சட்டமே 55தான். டயரைக் கொல்றது சூடு. சூடு வர்றது மூணுலேர்ந்துதான், பாரம், வேகம், காத்து கம்மி. மூணும் நம்ம கைல இருக்கு.

காத்து காலைல வெயில் படறதுக்கு முன்னாடி, வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி பாருங்க. எஸ்டி டயருக்கு பக்கத்துல எழுதியிருக்கற அளவு வரைக்கும் ரொப்பறதுதான் வழக்கம், இ டயருக்கு 80. ஓட ஆரம்பிச்சா 90ஐ தாண்டும், வெயில் பக்கத்து டயர் இன்னும் ரெண்டு மூணு ஜாஸ்தி காட்டும், பயந்துபோய் காத்தை எறக்கிடாதீங்க. யெல்லோஸ்டோன்ல காலைல குளிர் அடிக்கும், 10 டிகிரி ஃபாரன்ஹீட் எறங்கினா 80 பிஎஸ்ஐ டயர்ல ஒண்ணரை பிஎஸ்ஐக்கு மேல கொறையும், அங்க ஒரு தடவை மறுபடி ரொப்ப வேண்டியிருக்கும். டிபிஎம்எஸ் இல்லாம இந்த வண்டியை இழுக்கவே கூடாது, பின்னாடி டயர் பஞ்சர் ஆனா டிரக்ல உக்காந்திருக்கற உங்களுக்குத் தெரியவே தெரியாது, பக்கத்து வண்டிக்காரன் ஹார்ன் அடிச்சாத்தான் உண்டு. டயர் வாங்கற பட்ஜெட்லயே அதையும் சேத்துக்குங்க.

வாங்கற எடத்துக்கு வருவோம். ஆன்லைன்ல விலை கம்மியா இருக்கும், ஆனா டயர் எப்ப செஞ்சதுன்னு தெரியாது. குடோன்ல ரெண்டு வருஷம் கெடந்ததை அனுப்பினா, உங்களுக்கு கெடைக்கற ஆயுசுல ரெண்டு வருஷம் போச்சு. ஆர்டருக்கு முன்னாடி கேளுங்க, கடைல மாட்டறதுக்கு முன்னாடி நீங்களே நாலு நம்பரையும் படிச்சுப் பாருங்க, மாட்டினப்புறம் சண்டை போட முடியாது. ஆறு மாசத்துக்குள்ள செஞ்சதா இருந்தா சந்தோஷம், ஒரு வருஷம் தாண்டினா வேணாம்னு திருப்பி விடுங்க. வண்டியோடவே கடைக்கு போகணும்னு இல்ல, பாதி டயர் கடைல இவ்ளோ பெரிய வண்டி திரும்பவே எடம் இருக்காது. வீட்லயே ஒரு பக்கம் ஒரு பக்கமா தூக்கி சக்கரத்தை கழட்டி டிரக் பெட்டுல போட்டு எடுத்துட்டு போறது எவ்ளோவோ மேல். தூக்கும்போது ஃப்ரேம்ல ஜாக்கி வைங்க, ஆக்சில் குழாய் நடுவுல வெச்சா அது வளைஞ்சுடும், அப்புறம் புது டயர் ஒரு ஓரமா தேயும், காரணம் தெரியாம டயர் கம்பெனியைத் திட்டிக்கிட்டிருப்பீங்க. பழைய டயர் உள்ஓரம் மட்டும் தேஞ்சிருந்தாலும் இதேதான், மொதல்ல ஆக்சில் அலைன்மென்ட்டைப் பாத்துட்டு புதுசு போடுங்க.

பேலன்ஸ் பண்ணச் சொல்லுங்க, டிரெய்லருக்கு எதுக்குன்னு கடைக்காரன் சொன்னாலும் கேக்காதீங்க. பில்லோட டயர் ரெஜிஸ்ட்ரேஷனும் கேளுங்க, அந்த டிஓடி நம்பரை கம்பெனில பதிவு பண்ணாத்தான் ரீகால் வந்தா உங்களுக்கு லெட்டர் வரும்.

நாலையும் சேத்து மாத்துங்க. ரெண்டு இப்ப, ரெண்டு அடுத்த வருஷம்னு பிரிக்காதீங்க. நடுவுல என்னிக்காவது ஒரு டயர் வெடிச்சா, அதே பக்கத்துல இருக்கற இன்னொரு டயர் அந்த நேரத்துல ரெண்டு பேர் பாரத்தையும் சொமந்துக்கிட்டு ஓடியிருக்கும், பாக்க நல்லா இருந்தாலும் அதையும் தூக்கிப் போட்டுடுங்க. ஸ்பேர் டயரும் அதே 2018தான், வண்டிக்கு அடில தொங்கறதால யாரும் பாக்கறதில்ல. அதையும் பட்ஜெட்ல சேத்து அஞ்சு டயரா கணக்கு போடுங்க. ஜி-க்கு மாறினீங்கன்னா ஸ்பேர் ரிம்மோட ரேட்டிங்கையும் பாருங்க, அது பெரும்பாலும் சாதா இரும்பு ரிம்.

மாட்டினப்புறம் லக் நட்டை டார்க் ரெஞ்ச் வெச்சு ஆக்சில் புத்தகத்துல இருக்கற அளவுக்கு நட்சத்திர வரிசைல முறுக்குங்க. இம்பேக்ட் கன்ல கடைக்காரன் அடிச்சுட்டான்னு விட்டுடாதீங்க. 10 மைல்ல ஒரு தடவை, 25ல ஒரு தடவை, 50ல ஒரு தடவை நிறுத்தி மறுபடி செக் பண்ணுங்க, அலுமினியம் ரிம்முல மொதல்ல கொஞ்சம் தளரும். எடை போட்டு நாலு நம்பரும் வந்தப்புறம் ரிம்முல என்ன எழுதியிருக்குன்னும் சேத்துச் சொல்லுங்க தம்பி, இ-யா ஜி-யான்னு அப்ப பாத்துக்கலாம். ஜூன்ல போறதுன்னா மே கடைசிக்குள்ள மாத்திட்டு பக்கத்துல ஏதாவது ஸ்டேட் பார்க் வரைக்கும் ஒரு சின்ன டிரிப் அடிச்சுப் பாத்துடுங்க.